சத்தம் போன ஆட்டம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. ஆனாலும் வெள்ளைச்சாமியின் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் டென்ட்டின் உயிர் அந்த ஆள் கையில் இருந்தது.

உத்தனப்பள்ளி ரோட்டில் டூரிங் டாக்கீஸ் நடத்துகிறவள் நான், சரோஜம்மாள். ஊரெல்லாம் ஓடித் தேய்ந்து, திரையில் கோடு கோடாய் மழை பெய்யும் படம்தான் எங்களுக்கு வரும். எண்பத்து மூன்று பொங்கலுக்கு, ஓசூரில் வெளியான அன்றே என் டென்ட்டிலும் புதுப் படம்! அதற்காக சேலத்து விநியோகஸ்தரிடம் நாய் படாத பாடு பட்டேன். மறுநாளே அவருடைய ஆள் வெள்ளைச்சாமி வேவு பார்க்க வந்துவிட்டார்.

"ஒரு ஆட்டம் நின்னுச்சுன்னாலும் படப் பெட்டிய வண்டில ஏத்திருவேன். டென்ட்டு கொட்டாய்க்கெல்லாம் புதுப் படம் கொஞ்சம் ஓவரும்மா" என்றார். பெட்டி போனால் இனி ஒருவரும் எனக்குப் புதுப் படம் தர மாட்டார்கள்.

அன்று சாயங்கால ஆட்டத்தில், பாதிப் படத்தில், சத்தம் போய்விட்டது. ஆபரேட்டர் கங்கப்பன் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"அக்கா, மிஷின்ல சவுண்டு பல்பு அவுட்டு. ஓசூர்லருந்துதான் வரணும். நிறுத்தட்டா?"

"நிறுத்திப் பாரு, கால ஒடிக்கறேன். ஓட்டுய்யா!"

ஓர் ஆளை பைக்கில் ஓசூருக்கு விரட்டினேன். உள்ளே விசில் பறந்தது. வெள்ளைச்சாமி எழுந்து நின்றார். போச்சுடா, பெட்டி போச்சு!

திரையில் கதாநாயகி வாயைத் திறந்தாள். மணல் தரையிலிருந்து சென்னம்மா, கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறவள், வர மாட்டேன் என்று தெலுங்கில் கத்தினாள்: "நேனு ரானு, போ!"

டென்ட் அதிரச் சிரிப்பு. எங்கள் பக்கம் பிடித்த படத்தை ஒருமுறையோடு விடுகிறவர் கிடையாது. பாதிக் கூட்டம் நேற்றும் வந்த கூட்டம்தான். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கதாநாயகனுக்குத் தமிழில் பதில் கொடுத்தார்கள். வில்லன் வந்ததும் பெஞ்சிலிருந்த, கர்நாடக எல்லை ஜூஜுவாடிக்காரர்கள் கன்னடத்தில் "யாரோ நீனு?" என்று உறுமினார்கள். சண்டைக்குப் பெஞ்சைத் தட்டினார்கள், பாட்டைப் பெண்கள் பாடினார்கள். படம்தான் பெட்டியில் வருகிறது, சினிமா இந்த மணலில் அல்லவா நடக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கடைசியில் கதாநாயகனின் அப்பா கட்டிலில் சாகிற கட்டம். சத்தமே இல்லை. நேற்று பெண்கள் அழுத அழுகையில் அந்த வசனம் யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் விசில் கிளம்பியது. ஐயோ, கரையேறப் போகிற நேரத்தில் இப்படியா!

"அழுவாதடா ராசா... அப்பன் எங்கடா போவப் போறேன்..."

பின்னாலிருந்து கரகரத்த குரல். வெள்ளைச்சாமி! வெளியாகும் முன்பே சேலத்தில் விநியோகஸ்தருக்குப் போட்டுக் காட்டியபோதெல்லாம் கூட இருந்து பலமுறை பார்த்த படமாயிற்றே. கண்ணில் தண்ணீர் வழிய, ஒரு வார்த்தை விடாமல் பேசினார். விசில் அடங்கியது.

அதற்குள் பல்பு வந்துவிட்டது. ரீல் மாற்றுகிற இடைவெளியில் கங்கப்பன் அதை மாட்டினான். ஸ்பீக்கர் அலறியது. மூன்று பாஷையிலும் கூட்டம் கத்தியது: சவுண்டை நிறுத்து! எல்லாரையும் மிஞ்சிக் கத்தியவர் வெள்ளைச்சாமி.

"யோவ் நிறுத்துய்யா! நான் இன்னும் சாவல!"

கங்கப்பன் சத்தத்தைக் குறைத்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"பெட்டிய ஏத்தலைங்களா சார்?"

"அது எங்கயும் போவாது. அடுத்த படமும் மொத நாளே இங்கதான். இப்பத் தள்ளி நில்லும்மா, என் வசனம் வருது."