முழங்கால் உயரத்தில் ஒரு காது

தாழ்வாரத்தில் ஓர் ஆள் மடியில் கிட்டார்ப் பெட்டியை வைத்துக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்தார். பார்த்ததுமே எதற்காக வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. லண்டனில் அறுபதுகளில் இசைத்தட்டு போட வந்த எந்தக் குழுவுக்கும் இப்படி ஓர் ஆளைத் தெரிந்திருக்கும். உங்கள் வாசிப்பு தேறவில்லை என்றால் உங்கள் இடத்தில் அவர் உட்கார்ந்து வாசிப்பார், கூலியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுவார். உறையில் உங்கள் படம் இருக்கும். உள்ளே கேட்பது அவர் விரல்.

"க்ளைவ் ட்ரான்ட்டர்," என்று எழுந்து கை நீட்டினார். "சும்மா ஒரு முன்ஜாக்கிரதைக்கு வரச் சொன்னாங்க."

"அப்படியா, நல்லா சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுக் கையைத் தொடாமல் உள்ளே போனேன்.

நாங்கள் ஓல்டம் ஊர்ப் பெண்கள் நான்கு பேர். நான் நோரீன் க்ளெக், கிட்டார். க்ளெனிஸ் டிரம்ஸ். மற்ற இருவரில் ஒருத்தி பாட, ஒருத்தி பேஸ் வாசித்தாள். பஞ்சாலைக்காரர்களின் கிளப்புகளில் பீர் கிளாஸ் பறக்கும் நடுவில் வாசித்து வளர்ந்தவர்கள். அன்று பதிவு செய்ய வந்த பாட்டு நான் எழுதியது. அதன் உயிரே நடுவில் வரும் கிட்டார்தான்.

இதையெல்லாம் இசைத்தட்டுக் கம்பெனியின் ஃபேர்ஹர்ஸ்ட்டிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பொண்ணு கிட்டார் வாசிச்சா மேடையில பாக்க அழகா இருக்கும்மா. ஆனா தட்டுல கண்ணு கிடையாதே, காது மட்டும்தானே இருக்கு? ஒரு மணிக்கு நம்ம நேரம் முடியுது. டீ முடிஞ்சப்புறம் வந்து கேப்பேன். சரியில்லேன்னா க்ளைவ் வாசிக்கட்டும். மனசுல வச்சுக்காத."

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பதாம்?

ஒலிப்பதிவு செய்தவர் பில்பீம். டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்டு. அந்த ஸ்டூடியோவில் எல்லா எஞ்சினியர்களும் அதைத்தான் போட வேண்டும். என் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு மைக்கைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி வந்து, இரண்டு முழம் தள்ளி வைத்தார். தரையில் சுண்ணாம்புக் கோடு கூடப் போட்டார்.

ஒரு தடவை வாசித்து முடித்து, பதிவுக் கருவிகள் இருந்த கண்ணாடி அறைக்குள் போய்க் கேட்டோம். க்ளெனிஸின் டிரம் ஊரையே இடித்தது. என் கிட்டார் பக்கத்து வீட்டுக் குளியலறையில் யாரோ வாசிப்பது போல் எங்கேயோ கேட்டது.

"மைக்கைக் கிட்ட வைங்க சார்," என்றேன்.

"முடியாது. ரெண்டு முழத்துக்குள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு விதி. உள்ள இருக்கறது வெங்காயத் தோல் மாதிரி ஒரு உலோகப் பட்டை. உங்க சத்தத்துக்குக் கிழிஞ்சிரும்."

"அப்ப கிழியாத மைக் ஒண்ணு குடுங்க. எங்களைத் திட்டறதுக்கு ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதுல பட்டை இருக்கா?"

மேஜையில் தடியாக ஒரு மைக் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களோடு பேசுவதற்கானது. பில்பீம் அதைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த விதியைப் பார்த்தார். சட்டம் பேசுகிற மனிதருக்கு இது ஒரு சங்கடம்.

"இதுல பட்டை இல்ல," என்று ஒப்புக்கொண்டார். "விதியில இதைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

கொண்டுபோய் ஆம்ப்பில் இருந்த ஸ்பீக்கரின் நட்ட நடுவில், அதை மூடிய துணியில் மூக்கு இடிக்கிற மாதிரி வைத்தார். வாசித்தேன். ஓடிப்போய்க் கேட்டேன். ஐயோ! தகர டப்பாவை ஆணியால் கீறுகிற சத்தம். எங்கள் பாடகி காதைப் பொத்திக்கொண்டாள்.

"கிட்ட கிட்டன்னீங்களே, இப்பத் தெரியுதா?" என்றார் பில்பீம். "ஆம்ப் இப்படிக் கத்தினா மைக் என்னம்மா பண்ணும்?"

"என் ஆம்ப் இப்படிக் கத்தாது!"

"மைக் பொய் சொல்லாது."

அந்த நேரம் பார்த்து டீ வண்டி வந்தது. அவ்வளவுதான், அவர் எழுந்தார். அங்கே உயிரே போனாலும் டீ நேரத்தில் யாரும் வேலை செய்ய மாட்டார்கள். எல்லோரும் வெளியேறத் தொடங்க, கோபத்தில் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆறு வருடம் அந்த ஆம்ப்போடு குடித்தனம் நடத்தியவள் நான். அது கீறாது. அது கனிந்த சத்தம். பின்னே எங்கிருந்து வந்தது இந்த ஆணி?

"க்ளெனிஸ், டீ கிடக்கட்டும். உள்ள வந்து என் கிட்டாரை மாட்டிக்கிட்டு தந்தியைத் தட்டு."

"எனக்கு ஒரு சுரம் கூடத் தெரியாதேடி!"

"தட்டுன்னா தட்டுடி. டிரம்னு நெனச்சுக்கோ."

அவள் தட்டினாள். என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் மண்டியிட்டு, அந்த மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு அது இருந்த இடத்தில் காதை வைத்தேன். அதே ஆணி! தூக்கிவாரிப்போட்டது. எழுந்து நின்றேன், கனிந்த சத்தம். மண்டியிட்டேன், ஆணி. அட மடச்சி! ஆறு வருடமும் ஆம்ப் தரையில் இருந்து என் முழங்காலுக்கு வாசித்திருக்கிறது. காதோ மேலே இருந்தது. சத்தத்தின் கூர்மையெல்லாம் காலடியிலேயே நேராகப் போய்விட, போதவில்லை போதவில்லை என்று நான் கூர்மைக் குமிழைத் திருகித் திருகி ஏற்றி வைத்திருக்கிறேன்.

குமிழைக் குறைக்கலாமா? குறைத்துப் பார்த்தேன். சத்தம் செத்துப்போனது. பழையபடி ஏற்றிவிட்டு, காதைத் துணியோடு ஒட்டி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல மெல்ல நகர்த்தினேன். ஆணி மழுங்கிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். ரொம்பப் போனால் கம்பளிக்குள் பேசுவது போல் அமுங்கியது. திரும்பி ஒரு விரல் அளவு வந்தேன். அங்கே இருந்தது! என் சத்தம், ஓல்டத்தில் வாசித்த அதே சத்தம். கை தவறினால் இடம் தொலைந்துவிடும் என்று, பையிலிருந்த லிப்ஸ்டிக்கை எடுத்து ஆம்ப் துணியில் ஒரு வட்டம் போட்டேன்.

நிமிர்ந்தால் கண்ணாடிக்குப் பின்னால் பில்பீம். கையில் டீக் கோப்பை, ஒரு வாய் கூடக் குடித்த மாதிரி இல்லை.

"அந்த வட்டத்துக்கு நேரா வைக்கட்டுமா?" என்று கதவைத் திறந்து கேட்டார்.

"டீ ஆறுதே சார்."

"ஆறட்டும்."

உள்ளே வந்து அவரும் மண்டியிட்டார், வெள்ளைக் கோட்டோடு. மைக்கை வட்டத்துக்கு நேராக வைத்து, அதன் கழுத்தைக் கொஞ்சம் திருப்பி, நடுவை ஓரக்கண்ணால் பார்க்கிற மாதிரி சாய்த்தார். "இது என் யோசனை. வேண்டாம்னா நேராக்கிடலாம்."

வேண்டாமா? மற்ற இருவரும் ஓடி வர, சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் சுரத்திலேயே கண்ணாடிக்குப் பின்னால் பில்பீமின் புருவம் ஏறியது. நடுவில் வரும் கிட்டாரை அன்று வாசித்தது போல் அதற்கு முன் நான் வாசித்ததில்லை. முடிந்ததும் கண்ணாடி அறையில் கேட்டோம். டிரம் அதன் இடத்தில் இருந்தது. அதன் முன்னால் என் கிட்டார் மார்பைப் பிடித்து உலுக்கியது. க்ளெனிஸ் அழுதேவிட்டாள்.

நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு ஃபேர்ஹர்ஸ்ட் வந்தார். நின்றார். கிட்டார் வந்ததும் கையைத் தட்டினார்.

"பிரமாதம்! க்ளைவ் வாசிச்சா க்ளைவ்தான்! கேட்டியாம்மா? இதுதான் ஆம்பளை விரல்ங்கறது. நான் காலையிலேயே சொன்னேனா இல்லையா?"

அவருக்குப் பின்னால், வாசலில் நின்றிருந்த க்ளைவ் தொண்டையைக் கனைத்தார். கிட்டார்ப் பெட்டி போட்ட பூட்டு போட்டபடி கையில் தொங்கியது.

"சார், நான் இன்னும் பெட்டியைத் தொறக்கவே இல்லையே."

ஃபேர்ஹர்ஸ்ட்டின் முகத்தில் ரத்தம் ஏறியது. "அப்ப இது யாரு?"

"மிஸ் க்ளெக் சார்," என்றார் பில்பீம், எழுந்து நின்று.

நான் பொறுமைசாலி இல்லை. இருந்தாலும் பாட்டு முடியும் வரை காத்திருந்தேன். கடைசிச் சுரமும் அடங்கட்டும் என்று விட்டேன்.

"தட்டுல காது மட்டும்தானே சார் இருக்கு?" என்றேன். "கேட்டுட்டீங்க. பிரமாதம்னும் சொல்லிட்டீங்க. இனி மாத்த முடியாது."

அவர் பில்பீமைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. "இதையே போட்டுருங்க," என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனார்.

க்ளைவ் உள்ளே போய் ஆம்ப் முன்னால் குனிந்து, சிவப்பு வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "எந்தக் கடை லிப்ஸ்டிக்கும்மா? நாளைக்கு எனக்கு வேற ஸ்டூடியோவுல வேலை இருக்கு."

வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் மறுபடி கை நீட்டினார். இந்தத் தடவை இறுகப் பிடித்துக் குலுக்கினேன்.