மெட்ரோ வேண்டுமா வேண்டாமா கூட்டம்

எங்கள் ஊரில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டுமென்றால் மெட்ரோ வேண்டுமா வேண்டாமா கூட்டத்தில்தான் போக வேண்டும். வேறு வண்டி கிடையாது.

கூட்டம் முதலில் ஒத்தப்பனை முக்கில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஜனங்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு மெட்ரோ ரயில் கட்டுவதா விடுவதா என்று முடிவு செய்வதாக ஏற்பாடு. எல்லோரிடமும் கருத்து இருந்தது. வரிசையாக நாற்காலி போட்டார்கள். மைக்கில் ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் ஒரு நாற்காலி முன்னால் நகர வேண்டும். ஆட்கள் சேரச் சேர மண்டபத்தின் சுவரை இடித்துப் பந்தலை ரோட்டில் நீட்டினார்கள். அது நீண்டு நீண்டு மில் கேட் வரை போய்விட்டது. ரோடு முழுக்கப் பந்தலானதும் பஸ்களை டிப்போவில் நிறுத்திவிட்டார்கள்.

நடந்தும் போகலாம். ஆனால் நடக்கிறவரைவிட ஊர் வேகமாக வளர்கிறது.

இரண்டு வரிசைகள் உண்டு. வேண்டும் என்பவர்கள் ஒத்தப்பனையில் உட்கார்ந்தால் மில் கேட்டில் மைக் வரும். வேண்டாம் என்பவர்கள் மில் கேட்டில் உட்கார்ந்தால் ஒத்தப்பனையில் மைக் வரும். உட்காரும்போதே கருத்தைக் கேட்டுத்தான் நாற்காலி தருவார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் காலையில் வேலைக்குப் போகும்போது வேண்டும் என்பார்கள். பொழுதோடு வீடு திரும்பும்போது வேண்டாம் என்பார்கள். அந்தப் பக்கத்தார் இதைத் திருப்பிச் செய்வார்கள். யாருக்கும் இதில் மனக்கஷ்டம் இருந்ததில்லை.

இருட்டுவதற்கு முன் அமுதவல்லி மேடம் எண்ணிப் பார்ப்பார். அவர்தான் கூட்டத்துக்குத் தனி அதிகாரி. இரண்டு முனையிலும் அவரே இருப்பார். எப்படி என்று யாரும் கேட்டதில்லை. வேண்டுமும் வேண்டாமும் சரிக்குச் சரியாக இருக்கும். முடிவை மறுநாளைக்குத் தள்ளி வைப்பார்.

என் மனைவி பூங்கோதைக்கு மில் கேட்டில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை. நான் வீட்டு வாசலில் கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறேன். ஆகவே எங்கள் வீட்டில் தினமும் கூட்டத்துக்குப் போவது அவள்தான்.

அன்று காலை நான் ஒரு கிரைண்டரைக் கழற்றிப் போட்டிருந்தேன். பூங்கோதை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"போறேனுங்க."

அப்படிச் சொல்லக் கூடாது. போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவசரத்தில் யாராவது வாய் தவறிப் போறேன் என்றால், வீட்டில் இருப்பவர் உடனே திருத்த வேண்டும். திருத்திவிட்டால் சரியாகிவிடும். நான் திருத்தவில்லை. என் வாயில் ஸ்குரூ இருந்தது.

பொழுது சாய்ந்தது. அவள் வரவில்லை.

பூங்கோதைக்குப் பதிலாக ஒலிபெருக்கியில் அமுதவல்லி மேடத்தின் குரல் வந்தது. "இன்னைக்கு வேண்டாமை விட ஒரு வேண்டும் எச்சா இருக்குதுங்க. நாளைக்கும் இப்படியே இருந்துச்சுன்னா கூட்டத்தை முடிச்சிருவோம். மெட்ரோ வந்துரும்."

பந்தல் முழுக்க நகர்வது நின்றது. இப்படி ஒரு ஆபத்து இருப்பதாக யாரும் நினைத்ததே இல்லை.

பக்கத்து வீட்டுச் சின்னராசு அண்ணன் ஓடி வந்தார். மெட்ரோ வந்தால் அவர் கேட்டுக்கு நேர் முன்னால் ஒரு தூண் வரும். அது காருக்கு அளவெடுத்துக் கட்டிய கேட். அவரிடம் கார் கிடையாது.

"ஆறுச்சாமி, அந்த எச்சு ஆரு தெரியுமா?"

"ஆருங்கண்ணா?"

"உம் பொண்டாட்டிதான். காலைல வேணும்னு சொன்னா. பொழுதோட வேண்டாம்னு சொல்லோணுமா இல்லையா?"

"ஆமாங்க."

"போய்க் கூட்டிட்டு வா. எங் கேட்டைக் கொஞ்சம் நெனச்சுப் பாரு."

நான் கேட்டை நினைக்கவில்லை. போனில் கூப்பிட்டேன். உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது என்று ஒரு குரல் சொன்னது. அது அவள் குரல் இல்லை.

மறுநாள் விடிந்ததும் கூட்டத்தில் ஏறினேன். "என்ன கருத்து?" என்று அமுதவல்லி மேடம் கேட்டார். "வேணுமுங்க," என்றேன். எனக்கென்று தனியாக ஒரு கருத்து எப்போதும் இருந்ததில்லை. போகும்போது வேண்டும், வரும்போது வேண்டாம். அவ்வளவுதான்.

நாற்காலி நாற்காலியாக நகர்ந்தோம். சுண்டல்காரர் வந்து போனார். எனக்கு முன்னால் ஒருவர் மடியில் கோழிக்கூடையை வைத்துக்கொண்டு நகர்ந்தார். எனக்குப் பின்னால் இருந்த அம்மா பூக் கட்டிக்கொண்டே வந்தார். சரம் நீண்டு நாங்கள் காலி செய்த நாற்காலிகளில் எல்லாம் கிடந்தது. வழியில் புதிதாக இரண்டு நகர் முளைத்திருந்தன. முந்தின வாரம் அவை இல்லை.

"எங்க எறங்கோணுமுங்க?" என்றார் கோழிக்காரர்.

"மில் கேட். சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போறேன்."

"வேணும்னு சொல்லித்தான ஏறினீங்க?"

"ஆமாங்க."

"அப்ப இப்ப ரெண்டு எச்சு." அவர் கோழியின் தலையைத் தடவினார். அது சரிதான் என்று எனக்கும் பட்டது. அதற்குள் பாதி ஊரைத் தாண்டியிருந்தோம். நடுவில் எழுந்தால் வேறு நாற்காலி கிடைக்காது.

மில் கேட்டில் மைக் வந்தது. வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பூங்கோதை பல் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கல்யாண நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் டிபன் டப்பா இருந்தது. பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது. நான் வருவேன் என்று போட்டு வைத்திருப்பாள் போலிருக்கிறது. நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"ஏன் வரலை?"

"வர முடியலீங்க."

"வரிசை ஓடிட்டுத்தான இருக்குது?"

"ஓடுதுங்க. வேண்டாம்னு சொன்னாத்தான் நாற்காலி தர்றாங்க. எனக்கு வாய் வரலீங்க."

"எல்லாருந்தான் சொல்றாங்க."

"நேத்துக் காலைல வேணும்னு சொல்றப்போ நெசமாவே வேணும்னு தோணிப் போச்சுங்க." அவள் காலைப் பார்த்துக்கொண்டாள். கால் வீங்கியிருந்தது. "இத்தனை வருசமா நகர்ந்து நகர்ந்து வந்தாச்சு. ஒரு ரயில் வந்தா ஏறி உக்காந்து, கண்ணைக் கொஞ்சம் மூடிட்டு வரலாமேன்னு நெனச்சனுங்க. நெனச்சுட்டே சொல்லிட்டேன்."

கூட்டத்தில் மனசார ஒரு கருத்தைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அமுதவல்லி மேடத்திடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அப்படி ஒருவர் சொல்வார் என்று விதிகளில் இல்லை என்றார்.

"போறேன்னு சொல்லிட்டு வந்துட்டே," என்றேன் பூங்கோதையிடம்.

"தெரியுமுங்க. படி எறங்கும்போதே தெரிஞ்சுது. நீங்க திருத்துவீங்கன்னு கொஞ்ச நேரம் நின்னேன்."

"வாயில ஸ்குரூ இருந்துச்சு."

"துப்பிட்டுச் சொல்லியிருக்கலாமுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

டிபன் டப்பாவைத் திறந்தாள். முந்தின நாள் நான் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தில் பாதியை அப்படியே வைத்திருந்தாள். ஊசிப் போயிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

"நீங்க இங்கயே இருந்துருங்க," என்றாள். "ரயில் வந்ததும் ரெண்டு பேரும் ஒண்ணா ஊட்டுக்குப் போயிரலாம்."

காலி நாற்காலியைப் பார்த்தேன். நல்ல நாற்காலிதான். அதில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"கிரைண்டரைக் கழட்டிப் போட்டபடி வந்துட்டேன்," என்றேன். "இட்லிக் கடைக்காரருது. மாவு ஆட்டோணும்னு வந்து நிப்பாரு. மூடிக் குடுத்துட்டு நாளைக்குக் காலைல மொத ஆளா ஏறி வந்துடறேன்."

"நாளைக்கு வரிசை இருக்குமுங்களா?"

"இத்தனை வருசமா இருக்குது. ஒரு நாள்ல எங்க போயிரும்?"

அவள் டிபன் டப்பாவை மூடினாள். நான் அந்தப் பக்கத்து வரிசைக்குப் போய் வேண்டாம் என்று சொல்லி நாற்காலி வாங்கினேன். அந்தச் சொல் வாயிலிருந்து மிகச் சுலபமாக வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

"போயிட்டு வரேன்," என்றேன். நான் சரியாகத்தான் சொன்னேன்.

"சரிங்க," என்றாள்.

ஒத்தப்பனையில் மைக் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நான் வேண்டாம் என்றேன். அமுதவல்லி மேடம் எண்ணினார். நான் போட்ட வேண்டுமும் நான் போட்ட வேண்டாமும் கழிந்துபோயின. பூங்கோதையின் ஒரு வேண்டும் அப்படியே நின்றது.

"கூட்டம் இத்தோட நெறைவடைஞ்சுது," என்றார். "மெட்ரோ வரும். எல்லாரும் எந்திரிச்சுக்கலாமுங்க."

எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். உட்கார்ந்தே பழகியதால் சிலருக்குத் தட்டிவிட்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாடகைக் கடைக்காரர்கள் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்கள். அவ்வளவு நீளமான கூட்டம் கடைசியில் ஒரு லாரிக்குள் அடங்கிவிட்டது.

"நான் மில் கேட்டுக்குப் போகோணுமுங்களே," என்றேன் மேடத்திடம்.

"மெட்ரோல போங்க."

"எப்ப வரும்?"

"ஊர் வளர்றது நின்னதும் கட்டி முடிச்சுருவாங்க. அப்பத்தான எங்க வரைக்கும் கட்டறதுன்னு தெரியும்?"

பஸ் வரும் என்று சொன்னார்கள். அதற்குள் ரோட்டை மறித்துத் தகரம் அடித்துவிட்டார்கள். தகரத்தில், வேலை நடக்கிறது, சிரமத்திற்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தது. எழுத்து பெரிதாக இருந்தது. உண்மையாகவே வருந்துவது போலத்தான் இருந்தது. நான் நடந்து போய்ப் பார்த்தேன். புதிதாக முளைத்த நகர்களைத் தாண்டினால் அதற்கப்பால் இன்னும் புதிய நகர்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தேன்.

சின்னராசு அண்ணன் தன் கேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். தூணை வர விடமாட்டேன் என்றார். அவரைச் சுற்றிக் குழி தோண்டினார்கள். அவர் அசையவில்லை. கம்பி கட்டினார்கள். அப்போதும் அசையவில்லை. கொஞ்ச நாளில் கால் கெட்டிப்பட்டது. பிறகு இடுப்பு. அவர் உயர்ந்துகொண்டே போனார். அவருடைய மனைவி ஏணி வைத்துக் காப்பி கொடுத்துப் பார்த்தார். ஏணி எட்டாமல் போனதும் விட்டுவிட்டார். அண்ணன் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். அவருக்கு அல்ல, வேறு யாருக்கோ.

"அண்ணா, அங்கிருந்து மில் கேட் தெரியுதுங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரியுது தம்பி. நெம்ப தூரத்துல."

"பூங்கோதை?"

"உக்காந்திருக்கா. பக்கத்துல ஒரு நாற்காலி காலியாக் கெடக்குது."

அதன் பிறகு தினமும் அவர் அடியில் போய் நின்றேன். டோக்கன் கொடுக்கிறாள் என்பார். தலை சீவுகிறாள் என்பார். ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறாள் என்பார். கேட்டைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. மேலே போனால் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள். நான் அவள் இல்லாத வீட்டில் சமைத்தேன், கிரைண்டர் பார்த்தேன். ஸ்குரூவை இப்போதெல்லாம் சட்டைப் பையில்தான் போடுகிறேன்.

நேற்று காலை பெரிய கிரேன் வந்தது. அதன் கையில் ஒரு கான்கிரீட் உத்தரம் தொங்கியது. சின்னராசு அண்ணன் மேலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி! உம் பொண்டாட்டி எந்திரிச்சு நிக்கறா. இந்தப் பக்கமாத்தான் பாக்கறா."

"என்ன பண்றா?"

"என்னமோ சொல்றா. வாயைக் குவிக்கறா. 'போ'ன்னு ஆரம்பிக்கறா."

"அப்புறம்?"

கிரேன் உறுமியது. உத்தரம் மெதுவாக இறங்கி அவர் தலைமேல் உட்கார்ந்தது. புழுதி அடங்கும் வரை காத்திருந்தேன்.

"அண்ணா, அப்புறம் என்ன சொன்னா?"

"மறைச்சிருச்சு தம்பி. இனி ஒண்ணும் தெரியாது."

"சின்னதாச் சொன்னாளா, நீளமாச் சொன்னாளா? அதை மட்டும் சொல்லுங்கண்ணா."

"'போ' மட்டுந்தான் பார்த்தேன். பொய் சொல்ல மனசு வரலை."

இரண்டுமே போ என்றுதான் தொடங்கும்.

நான் மில் கேட் இருக்கும் திசையைப் பார்த்து நின்றேன். தகரம்தான் தெரிந்தது. என் வாயில் எதுவும் இல்லை.

"போறேன்னு சொல்லாத புள்ள," என்றேன். "போயிட்டு வரேன்னு சொல்லு."

மேலே உத்தரத்துக்கு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார்கள்.