தம்பி குடித்த கள்

1974இல் மழை கொட்டும் கர்க்கடக மாதத்தில் பிச்சைமணி குடித்த கள் அவனுடைய அண்ணன் செல்லதுரைக்கு ஏறத் தொடங்கியது. கொச்சி மட்டாஞ்சேரியில் அந்த ஆண்டு மிளகு விலையும் ஏறியிருந்ததால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. செல்லதுரை பகவதிக்கு விளக்கு வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். மிளகு மூட்டையைத் தலையில் வைத்துப் பலகை வழியே வள்ளத்தில் ஏற்றுவது அவர் வேலை. பலகையில் கால் வைக்குமுன் ஒவ்வொருவரும் சுமைகாரர்களின் தலைவர் தங்கப்பன் மூப்பனின் உள்ளங்கையில் ஊதிக் காட்டவேண்டும் என்பது அங்கத்திய வழக்கம். செல்லதுரையின் மூச்சில் திருநீறும் பழங்கஞ்சியும்தான் மணக்கும். பத்து மணிக்குத் தம்பி கள்ளுக்கடைக்குள் நுழைந்தால் அவருக்குப் பலகை இரண்டாகத் தெரியும்.

தனக்குப் போதை ஏறவில்லை என்று பிச்சைமணி இன்னும் குடித்தான். எட்டுக் குப்பி குடித்தும் நேராக நடந்து வந்தான். வழியில் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்லதுரையின் மனைவி அங்கம்மாள் இருவருக்கும் ஒரே மாதிரி கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். தம்பி தாயில்லாப் பிள்ளை என்று கணவர் சொல்லியிருந்தார். இப்படியே ஏழு வருடம் போயிற்று. செல்லதுரைக்கு அலுப்பு எலும்பு வரை இறங்கிவிட்டது.

1981இல் ஒரு மழைநாள் பகலில் அவர் மூட்டையோடு காயலில் விழுந்தார். ஆளை எடுத்தார்கள், மூட்டை போய்விட்டது. "தம்பி குடிக்கான், அண்ணன் ஆடுதான், நல்ல குடும்பம்" என்று வள்ளக்காரன் சிரித்தான். இன்னொரு தடவை விழுந்தால் பலகையில் இடமில்லை என்றார் மூப்பன். சேதி கேட்டு ஓடிவந்த பிச்சைமணி, படித்துறையில் நனைந்து உட்கார்ந்திருந்த அண்ணன் முன்னால் நின்றான். திட்டுக்குத் தயாராக இருந்தான்.

"இன்னிக்கு உள்ளது புளிச்ச கள்ளுடா," என்றார் செல்லதுரை. "வயித்துக்கு ஆகாது. வேற கடை பாரு."

பிச்சைமணி அண்ணனின் சும்மாட்டுத் துணியை வாங்கிப் பிழிந்து தன் தலையில் சுற்றிக்கொண்டான். மூப்பன் கையில் ஊதினான். மூப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கால் நேரேதானே நிக்குது, போ" என்றார். அன்று மிச்சமிருந்த மூட்டைகளை அவன்தான் ஏற்றினான்.

குடி நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அண்ணன் வேலை முடித்துப் பாயில் படுக்கும்வரை அவன் குப்பியைத் தொட்டதில்லை. அவர் படுத்ததும் அங்கம்மாள் வாசல் கொடியில் சிவப்புத் துவாலையைப் போடுவாள். எதிரே கால்வாய்த் தோட்டின் அக்கரையில் கள்ளுக்கடை ராஜப்பன் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவான். "அண்ணன் கிடந்தாச்சு" என்று குடிக்க வந்தவர்களும் சொல்லப் பழகினார்கள். எட்டுக் குப்பி நாலாகி, ஒன்றானது. செல்லதுரைக்குப் பாய் வள்ளம்போல லேசாக ஆடும். அந்த ஆட்டத்தில் தூங்கிப்போவார்.

1986இல் அவருக்குக் காய்ச்சல் கண்டபோது அங்கம்மாள் மூன்று நாள் துவாலையைப் போடவில்லை. ராஜப்பன் பக்கத்துக் கடையிலிருந்து சாயா வரவழைத்துப் பிச்சைமணி முன் வைத்தான். அவன் ஒரு வாய் குடித்ததும் இக்கரையில் செல்லதுரை கண்ணைத் திறந்தார்.

"இஞ்சி போட்டிருக்கான்," என்று அங்கம்மாளிடம் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு அரிசி களையப் போனாள்.