நோட்டில் இல்லாத பக்கம்

படப்பிடிப்பின் முதல் நாளே மரி-க்ளேர் தராசுக்காகச் சண்டை போட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் நடக்கிற கதை. மேசைமேல் பேட்டரித் தராசு இருந்தது. அதை எடுத்துவிட்டுத் தட்டுத் தராசு வைத்தார்கள். பிறகு குடுவைகளை மாற்றவைத்தார். பிறகு சுவரிலிருந்த இந்தியக் கொடியை; புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, உழவர்கரையில் தனியாக இருந்தார். அந்தத் தொலைக்காட்சித் தொடர் அவருடைய அப்பா ரோஜேயின் கதை. போரில் ஜாவா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த கொயினா மருந்து நின்றது. மலேரியாவில் ஜனங்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். புதுச்சேரியில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் ரோஜேயும் உதவியாளர் ராஜாவும் மரப்பட்டையிலிருந்து மாற்று மருந்து காய்ச்சினார்கள். ஒரு நாள் காலை ராஜா அதைத் தானே குடித்துச் சோதித்தார். அன்று மாலை இறந்துபோனார்.

அப்பாவின் ஆய்வு நோட்டை மரி-க்ளேர்தான் தொடருக்குக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒரு பக்கத்தை மட்டும் பிளேடால் அறுத்து பீரோவில் வைத்துக்கொண்டார்.

தொடரை எழுதிய அறிவுமதி ஒருநாள் அவரைக் காபிக்கடைக்கு அழைத்தாள்.

"மேடம், ராஜா எதனால செத்தாருன்னு நோட்டுல இல்லியே. காரணம் இல்லாம ஒரு சாவை வெச்சா யாரும் பாக்க மாட்டாங்கன்னு சேனல்ல சொல்றாங்க."

"மருந்து ஒத்துக்கல. அவ்ளோதான்."

"அது ஒரு வரி. எனக்கு மூணு வாரத்துக்குக் கதை வேணும்."

மரி-க்ளேர் ஆறிப்போன காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "கதைதானே, நீயே ஏதாவது எழுதிக்கோ" என்றார்.

அறிவுமதி எழுதினாள். ராஜாவின் மனைவிக்கும் ரோஜேக்கும் காதல். அவள் புருஷனுக்குப் பாலில் விஷம் கலக்கிறாள். பெயர்களை மாற்றியிருந்தார்கள். ஆனாலும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது. பார்ப்பவர்கள் இரண்டு மடங்கானார்கள்.

அது ஒளிபரப்பான நாலாவது நாள் அறிவுமதி போன் செய்தாள். "மேடம், ராஜாவோட பொண்ணு தவளக்குப்பத்துல இருக்காங்களாம். ஆபீசுக்கு போன் பண்ணி அழுதாங்க. நெசம் என்னன்னு சொல்லுங்க."

மரி-க்ளேர் அன்றே பீரோவைத் திறந்து அந்தப் பக்கத்தை அவளிடம் காட்டினார். அறிவுமதி அதைப் படமெடுத்துச் சேனலுக்கு அனுப்பிக் கதையை மாற்றக் கெஞ்சினாள். இந்தக் காதல் இன்னும் இரண்டு மாதம் ஓட வேண்டும் என்று பதில் வந்தது. வேண்டுமானால் தொடக்கத்தில் 'அனைத்தும் கற்பனை' என்று போடுகிறோம் என்றார்கள்.

மறுநாள் காலை மரி-க்ளேர் தவளக்குப்பத்துக்கு பஸ் ஏறினார். ராஜாவின் மகள் பூவிழிக்கு எண்பத்து மூன்று வயது. வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா? டிவி ஆளா?"

"இல்லக்கா. நான் ரோஜே பொண்ணு."

பூவிழியின் கை நின்றது. "எங்கம்மா சுலோசனா இருவத்திரண்டு வயசுல தாலி அறுத்தவ. அப்ப நான் கைக்கொழந்த. ஆஸ்பத்திரித் துணி தொவச்சி என்ன வளத்தா. இப்ப பக்கத்து ஊட்டுக்காரி கேக்குறா, உங்கம்மாவாடி அதுன்னு."

மரி-க்ளேர் பக்கத்தை நீட்டினார். "இது அப்பா எழுதுனது. அரை கிராம்னு எழுதணும். பிரெஞ்சுல புள்ளிக்குப் பதிலா கமா. சைபர் போட்டு, கமா போட்டு, அஞ்சு. எங்கப்பா கமாவ வுட்டுட்டார். உங்கப்பா அஞ்சு கிராம்னு நெனச்சி நிறுத்துக்கிட்டார். வேற யாரும் எதுவும் பண்ணலக்கா."

"உனுக்கு எப்பத் தெரியும்?"

"அப்பா செத்தப்ப. முப்பது வருஷம் ஆச்சு."

பூவிழி கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். "எங்கம்மா போயி இருவது வருஷந்தான் ஆவுது" என்றார். "அன்னிக்குக் காலையில பழைய சோறு போட்டு அனுப்புனா. அதுலதான் ஏதோ உழுந்துடுச்சின்னு சாவுற வரைக்கும் சொல்லினு இருந்தா. நீ அப்பவே வந்திருக்கலாமேம்மா."

பூவிழி அந்தப் பக்கத்தின் அடியில் விரல் வைத்தார்.

"கீழ வரிசையா இன்னா எழுதியிருக்கு?"

"உங்கப்பா ஒடம்புக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லச் சொல்ல, எங்கப்பா பக்கத்துல ஒக்காந்து மணி போட்டு எழுதியிருக்கார்."

"படி."

பிரெஞ்சைத் தமிழாக்கிப் படித்தார். "ஒரு மணி. காதுல இரைச்சல். ரெண்டரை. கண்ணு தெரியல, ஆனா எழுதிக்கோன்றார். நாலு மணி. கொழந்த முழிச்சிட்டாளான்னு கேக்குறார்."

அதற்குக் கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அந்தக் கடைசிய திருப்பிப் படி" என்றார் பூவிழி.

படித்தார். மூன்றாம் தடவையும் பூவிழி கேட்டார்; மரி-க்ளேர் படித்தார். பூவிழி காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இது இங்கியே இருக்கட்டும். நீ போம்மா" என்றார். "இனிமே வராத."