சோமேஸ்வரர் ஏறிய டிராக்டர்

போகிக்கு மறுநாள் காலையில் கோயில் முன்னால் ஒரு டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பின்னால் கோத்திருந்த டிரெய்லருக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. தாடிலங்காவில் யாராவது செத்தால்தான் டிரெய்லருக்கு மாலை போடுவார்கள். புல்லய்யா அப்படியே நின்றுவிட்டார்.

"எவன்டா போயிட்டான்?"

கழுவிக்கொண்டிருந்த நூகராஜு பல்லைக் காட்டினான். "யாரும் போகல பெரியவரே. நாளைக்கு சாமி இதுலதான் போறாரு."

"எந்தச் சாமி?"

"நம்ம சோமேஸ்வரர்தான். பிரபையை இதுல நிக்க வச்சு, போல்ட்டு போட்டு முறுக்கிட்டு, தார் ரோட்டு வழியா தோப்புக்குப் போறோம். பிரசிடெண்ட் ஐயா உத்தரவு."

மாட்டுப் பொங்கல் நாளில் வரும் கனுமப் பண்டிகையன்று ஏழு ஊர்ச் சிவன்களும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் உள்ள தென்னந்தோப்பில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு பிரபையில் வருவார். மூங்கிலை வளைத்து, இருபது முழ உயரத்துக்குப் புதுத்துணி கட்டி, மணி கோத்து, நடுவில் சாமி முகத்தை வைத்து, நாற்பது பேர் தோளில் தூக்கி வருவது அது. அதற்குச் சாலை கிடையாது. கோயில் வாசலில் இருந்து தோப்பு வரைக்கும் ஒரே நேர் கோடு. நடுவில் கால்வாய் வந்தால் கழுத்தளவு தண்ணீரில் இறங்குவார்கள். வயல் வந்தால் வயலில் இறங்குவார்கள். நாற்று நட்டுப் பத்து நாள்தான் ஆகியிருக்கும், நாற்பது பேர் மிதித்துக் கூழாக்கிவிட்டுப் போவார்கள். வயல்காரன் வாயைத் திறக்க மாட்டான். வரப்பில் நின்று கும்பிடுவான்.

கால்வாயைத் தாண்டியதும் முதலில் வருவது புல்லய்யாவின் ஒன்றரை ஏக்கர். நனைந்த காலோடு சாமி முதலில் மிதிப்பது அவர் மண்ணைத்தான். மாணிக்யத்தை அவருக்குக் கட்டிக்கொடுத்தபோது அவள் அப்பன் வேறெதையும் விசாரிக்கவில்லை. "சாமி நடக்குற வயல் உள்ள வீடு, போதும்" என்றான். பக்கத்து வயல்காரன் ஒரு வருடம் பிரபையைத் தன் பக்கம் நாலு முழம் இழுத்துக்கொள்ளப் பார்த்து, புல்லய்யாவின் தகப்பனார் கையால் அடி வாங்கியிருக்கிறான்.

அந்த ஒன்றரை ஏக்கரை அடுத்து, தோப்பு வரைக்கும் இருப்பது செத்துப்போன தம்பியின் நிலம். தம்பி மகன் சத்திபாபு போன வருடம் பண்டிகை முடிந்த கையோடு அதைத் தோண்டி இறால் குளமாக்கிவிட்டான். சுற்றிலும் கரை, கரைமேல் வலை. வாசலில் ஒரு தொட்டியில் மருந்துத் தண்ணீர்; அதில் காலை முக்காமல் எவனும் உள்ளே போகக் கூடாது. வெளியாள் கால் பட்டால் இறாலுக்கு நோய் வருமாம். அவன்தான் இப்போது கோயில் கமிட்டிக்குப் பிரசிடெண்ட்.

புல்லய்யா நேராக அவன் வீட்டுக்குப் போனார். சத்திபாபு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு வடை தின்றுகொண்டிருந்தான். பெரியப்பாவைப் பார்த்ததும் காலை மட்டும் இறக்கினான்.

"வாங்க பெரியப்பா. வடை சூடா இருக்கு."

"உன் வடையைத் தூக்கிக் கால்வாயில போடு. சாமிக்கு எதுக்குடா டிராக்டரு?"

"பசங்கதான் கேட்டானுங்க. தோள் வலிக்குதாம், எவனும் வர மாட்டேங்குறான். பக்கத்து ஜில்லாவுல எல்லாம் சாமி கார்லயே போறாரு."

"உன் குளத்துல கால் வச்சுடுவாங்கன்னு சொல்லு. சாமி கால் பட்டா உன் இறாலுக்கு நோய் வந்துடும்னு சொல்லு."

"சாமி காலுக்குச் சொல்லல பெரியப்பா. தூக்குற நாப்பது பேரு காலுக்குச் சொல்றேன்." சத்திபாபு சிரித்தான். "உங்களுக்கு என்ன கஷ்டம்? வருஷா வருஷம் உங்க நாத்துதான் நாசமாகுது. இந்த வருஷம் தப்பிச்சுது. சந்தோஷப்படுங்க."

புல்லய்யாவுக்குக் காது இரண்டும் சுட்டது. அறைந்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது. நாசமாம். அறுபத்தெட்டு வருடமாகச் சாமி அவர் வயலை நாசம் பண்ணியிருக்கிறாராம்.

அங்கிருந்து பூசாரி அவதானி வீட்டுக்குப் போனார். அவதானி விபூதியைச் சலித்துக்கொண்டே, "சாஸ்திரத்துல தோள்னும் எழுதல, சக்கரம்னும் எழுதல புல்லய்யா" என்றார்.

"எத்தனை கிலோ இறால் வந்துது உங்க வீட்டுக்கு?"

"டேய், நான் பிராமணன்டா!"

"அப்ப இறாலுக்குப் பதிலா என்ன குடுத்தான்?"

அவதானி சல்லடையை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிரபை தூக்குகிற ஆட்களைத் தேடி டீக்கடைக்குப் போனார். பாதிப் பேர் குளத்தில் வேலை செய்கிறவர்கள், டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர், "ஒரு வருஷம்தானே, பாப்போம்" என்றார்கள். எல்லாரையும் வாங்கிவிட்டான் என்று புல்லய்யா முடிவு கட்டினார். வீட்டுக்கு வந்து பானையை உதைத்தார்.

"என் பானை என்ன பண்ணுச்சு?" என்றாள் மாணிக்யம். "உதைக்கணும்னா டிராக்டரைப் போய் உதை. கால் உடைஞ்சா நாலு பேராவது வந்து பாப்பாங்க."

கனுமயன்று மத்தியானம் டிராக்டர் கிளம்பியது. புல்லய்யா போகவில்லை. தன் வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். சுற்றி நாலு புறமும் மேளம். மற்ற ஊர்ப் பிரபைகள் தென்னை உச்சிகளுக்கு நடுவில் ஆடி ஆடிப் போவது தெரிந்தது. தூக்குகிறவர்கள் மூச்சுக்கு மூச்சு "அசரபா! சரபா!" என்று சாமி பேரைக் கத்துகிற சத்தம் கேட்டது. அவர் வயலில் மட்டும் ஒரு கொக்கு நின்றது. பச்சை நாற்று, ஒரு கால்தடம் இல்லாமல், துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குளத்தைச் சுற்றித் தோப்புக்கு நடந்தார்.

தோப்பில் ஐந்து பிரபைகள் தரையில் இறங்கியிருந்தன. தாடிலங்காப் பிரபை டிரெய்லர் மேல் நின்றதால் எல்லாவற்றையும் விட உயரமாக இருந்தது. சத்திபாபு அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். பார்த்தீர்களா எங்கள் ஊர் உயரத்தை என்று போகிற வருகிறவனிடமெல்லாம் சொன்னான்.

கடைசியாகப் பெத்தபாடு வீரேஸ்வரர் வந்தார். ஏழு பேரில் அவர்தான் மூத்தவர், அதனால் எப்போதும் கடைசியில்தான் வருவார். அண்ணன் வந்தால் தம்பிகள் எழுந்திருக்க வேண்டும். ஆறு பிரபைகளையும் அந்தந்த ஊர் ஆட்கள் ஒரு தடவை தோளுக்குத் தூக்கி இறக்க வேண்டும். ஆறும் எழுந்த பிறகுதான் அண்ணன் தரையில் இறங்குவார். அதுவரைக்கும் பெத்தபாட்டு ஆட்கள் பாரத்தோடு நிற்க வேண்டியதுதான்.

ஐந்து பிரபைகள் எழுந்தன, இறங்கின. தாடிலங்காப் பிரபை ஆடாமல் நின்றது. எப்படி எழும்? பன்னிரண்டு போல்ட்டு போட்டு முறுக்கியிருந்தது. சத்திபாபு இத்தனை வருடம் தோப்புக்கு வந்திருக்கிறான், ஆனால் ஒரு நாளும் கம்புக்கடியில் தோளைக் கொடுத்ததில்லை. தூக்கிப் பார்க்காதவனுக்குத் தூக்குவது எங்கே ஞாபகம் இருக்கும்?

"என்னடா தாடிலங்கா? அண்ணன் வந்து நிக்கிறாரு, உங்க ஆளு எந்திரிக்க மாட்டாரா?" என்று பெத்தபாட்டில் ஒருத்தன் கத்தினான்.

"கால்ல சுளுக்கு போல!" என்றான் இன்னொருத்தன்.

சத்திபாபுவுக்கு முகம் வேர்த்தது. டிராக்டர் பக்கம் திரும்பி, "நூகராஜு! டிரெய்லரைத் தூக்குடா! அதான் தூக்குமே!" என்றான்.

நூகராஜு யோசிக்காமல் கம்பியை இழுத்தான். மண் கொட்டுகிற டிரெய்லர் அது. முன்பக்கம் மட்டும் எழுந்தது. பிரபை மெல்லப் பின்னால் சாய்ந்தது, சாமி முகம் வானத்தைப் பார்த்தது, மணியெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து கலகலவென்றது. பெண்கள் அலறினார்கள். ஆறு ஊரும் சிரித்தது.

"ஐயோ, தாடிலங்கா சாமி மல்லாந்துட்டாரு!"

"விடுங்கப்பா, கனுமக் கோழிக்குழம்பு சாப்பிட்ட அலுப்பு!"

புல்லய்யா டிரெய்லர் மேல் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. "இறக்குடா, உன் கையில புழு வைக்க!" என்று நூகராஜுவைப் பார்த்துக் கத்தினார். டிரெய்லர் இறங்கியது. "ஸ்பானர் எடு!" என்றார். முதல் போல்ட்டைக் கழற்றும்போது அவர் மட்டும்தான் இருந்தார். மூன்றாவதைக் கழற்றும்போது பக்கத்தில் இரண்டு கைகள் வந்தன. டீக்கடையில் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பயல்கள். எவனும் எவன் முகத்தையும் பார்க்கவில்லை. பன்னிரண்டாவது கழன்றபோது நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். முன் கம்பில் புல்லய்யா.

"அசரபா!"

"சரபா!"

சோமேஸ்வரர் எழுந்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை எழுந்தார். பெத்தபாட்டுக்காரர்கள் அப்பாடா என்று அண்ணனை இறக்கினார்கள்.

பூசை முடிந்து வெயில் சாய்ந்ததும் நூகராஜு டிராக்டரைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான். "தூக்கி வைங்கப்பா" என்றான் சத்திபாபு.

ஒருத்தனும் அசையவில்லை. "திரும்ப இதுல ஏத்தினா என் பொண்டாட்டி என்னை வீட்டுல சேக்க மாட்டா" என்றான் குளத்தில் தீனி போடுகிற வெங்கன்னா. தோள்கள் கம்புக்கடியில் போயின. பிரபை கோயில் இருக்கிற திசைக்கு நேராகத் திரும்பியது. நேராக என்றால் குளம்.

சத்திபாபு முன்னால் ஓடிக் கரைமேல் ஏறி இரண்டு கையையும் விரித்து நின்றான். அவனுக்குப் பின்னால், குளத்தில் இறாலுக்குக் காற்று கொடுக்கிற எட்டு மோட்டார் சக்கரங்கள் தண்ணீரை அடித்து நுரை கிளப்பிக்கொண்டிருந்தன.

"இறங்காதீங்க! தண்ணிக்குள்ள கரண்டு ஓடுது! பெரியப்பா, கரையைச் சுத்திப் போங்க!"

"ஒத்தையாள் நடக்குற கரையில நாப்பது பேர் எப்படிடா போறது? நிறுத்து கரண்டை."

"நிறுத்தினா மூச்சு முட்டி எல்லாம் மேல வந்து செத்துடும். ரெண்டு மாசம் வளத்தது பெரியப்பா!"

"தினம் அரை மணி நேரம் கரண்டு போகுதே, அப்பல்லாம் சாவுதா?" என்று கம்புக்கடியில் இருந்து வெங்கன்னா கேட்டான்.

சத்திபாபு அவனை முறைத்தான். வெங்கன்னா தோளில் சாமி இருந்தார், அதனால் பயப்படவில்லை. பின்னால் இருந்தவர்கள், "பாரம் தாங்கலடா, சீக்கிரம்!" என்று கத்தினார்கள். ஒருத்தன் வலையைக் கிழித்தான். சத்திபாபு வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே மோட்டார் கொட்டகைக்குப் போனான். சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நுரை அடங்கியது.

"நிறுத்திட்டேன். போய்த் தொலைங்க."

முன்கம்பில் இருந்த புல்லய்யா காலை எடுத்து வைக்கவில்லை. "நீ முதல்ல இறங்கு" என்றார்.

"என்ன பெரியப்பா, என்னை நம்பலயா?"

"இல்ல."

சத்திபாபு தண்ணீரைப் பார்த்தான். கொட்டகையைப் பார்த்தான். பிறகு கொட்டகைக்குள் திரும்பிப் போனான். உள்ளே இன்னொரு சுவிட்ச் விழுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

வெளியே வந்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது. "இன்வெர்ட்டர் லைன் ஒண்ணு தனியா தண்ணிக்குள்ள போகுது, அதுல கரண்டு இருந்துது" என்றான். "சத்தியமா மறந்துட்டேன்."

மேளக்காரன்கூடக் கையை நிறுத்திவிட்டான். மறந்திருப்பான், ஒருவேளை நிஜமாகவே மறந்திருப்பான். தோளில் சாமியைக் கூடத் தூக்கத் தெரியாதவன், எதைத்தான் ஞாபகம் வைத்திருப்பான்? ஆனால் நாற்பது பேரும் அந்தத் தண்ணீரில் இறங்கியிருப்பார்கள். புல்லய்யா அவன் கழுத்தைப் பிடித்திருப்பார். கையில் கம்பு இருந்தது.

"இறங்குடா" என்றார். அவ்வளவுதான்.

பட்டுக்கரை வேட்டியோடு சத்திபாபு இறங்கினான். முழங்கால், இடுப்பு, மார்பு. செல்போனைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடுக்குளம் வரை போய் நின்றான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் புல்லய்யா கால் வைத்தார். இறால்கள் காலடியில் துள்ளித் துள்ளி அடித்தன. பிரபை ஆடியது, சாயவில்லை. யாரும் "சரபா" சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்கள். கடக்கும்போது சத்திபாபு ஒதுங்கி வழி விட்டான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

எதிர்க்கரை ஏறியதும் புல்லய்யாவின் வயல். தண்ணீர் சொட்டச் சொட்ட முன்னால் இருந்த பயல்கள் நாற்றைப் பார்த்துத் தயங்கினார்கள். பெரியவர் இன்றைக்குப் பட்டது போதும், இதையாவது மிச்சம் வைப்போம் என்று நினைத்தார்களோ என்னவோ, வரப்புப் பக்கமாக ஒதுங்கி அடி எடுத்து வைத்தார்கள்.

"எவன்டா அவன் வரப்புல போறது?" புல்லய்யாவின் குரல் கால்வாய் வரைக்கும் கேட்டது. "என் வயலு என்ன தீட்டா? உன் அப்பன் வீட்டு நாத்தாடா அது? இறங்குடா உள்ள! நேரா நட! இன்னும் நடுவுல! மிதி!"

நாற்பது பேரும் இறங்கினார்கள். முழங்கால் வரை சேறு போனது. புல்லய்யா நிறுத்தாமல் கத்திக்கொண்டே முன்னால் நடந்தார்.