ஈரத்துணி கட்டிய குழாய்கள்

வளைப்புக்காரருக்குக் காலையிலேயே மூக்குக்கு மேல் கோபம். ட்ரம்பெட்டுக்காக அவர் வளைத்த மூன்றாவது பித்தளைக் குழாயும் கசங்கிய சட்டைக்கை மாதிரி உள்பக்கம் மடிந்துவிட்டது. வெறுங்குழாயை வளைத்தால் இப்படித்தான் நசுங்கும். அதனால் உள்ளே உருக்கிய தாரை ஊற்றி, அது இறுகிய பிறகே அச்சில் வைத்து வளைப்பார்கள். பிறகு சூடுகாட்டித் தாரை வடித்துவிடுவார்கள். தார் ஊற்றுபவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. அவனோடுதான் இப்போது பேச்சு இல்லை.

காரணம் இவர் வாய்தான், வேறென்ன! ஊற்றுவதெல்லாம் ஒரு வேலையா, எவன் வேண்டுமானாலும் ஊற்றுவான் என்று பட்டறையில் நாலு பேர் முன்னால் சொல்லித் தொலைத்தார். முன்பெல்லாம் இறுகிவிட்டதா என்று அவனைக் கேட்காமல் குழாயில் கை வைக்கமாட்டார். இப்போது கேட்க வறட்டுக் கௌரவம் விடவில்லை. வெளியே தொட்டால் சில்லென்று இருக்கிறதா, எடு, வளை. அவனும் வேறு பட்டறையில் இடம் பார்த்துவிட்டான்; நாளை முதல் வரமாட்டான். போனால் போகட்டும் என்று வீராப்பாகச் சொல்லிக்கொண்டாலும், அவர் கண் தார்ச்சட்டிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

மெருகுச் சக்கரத்தில் நின்ற மனைவியிடம் போய், உன் தம்பி வேண்டுமென்றே கெடுக்கிறான் என்று கொட்டினார். அவள் சக்கரத்தை நிறுத்திவிட்டு, குழாய்களில் கட்டியிருந்த ஈரத்துணி எங்கே என்று கேட்டாள். அந்தக் கந்தலா, வேலைக்கு இடைஞ்சலாக இருந்தது, அவிழ்த்து எறிந்தேன் என்றார் இவர்.

"உள்ள இறுகாத குழாய்லதாங்க அவன் துணி கட்டி வச்சான். நீங்க வந்து கேக்க மாட்டீங்கன்னு அவனுக்குத் தெரியாதா? பாத்தாப் புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சான்."

அவருக்குச் சுருக்கென்றது. கெடுக்க நினைத்தவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாலே போதுமே. வெட்கம் பிடுங்கித் தின்ன, திரும்பி நடந்தார்.

மேசையில் ஒரு குழாய் மிச்சம் இருந்தது. அதில் துணி இல்லை. அதை எடுக்காமல் மைத்துனன் பக்கம் பார்த்தார்.

"இறுகிடுச்சா மாப்ள?"

தார்ச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "துணி கட்டலையே. தெரியல?"

"தெரியுது. இருந்தாலும் நீ சொல்லு. நாளைக்கும் நீதான் சொல்லணும்."

அவன் கரண்டியை வைத்துவிட்டு வந்து, குழாயை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தான். மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"மொதல்ல இத வளைங்க மாமா" என்றான்.