வாய் மூடிய கோழிகள்

கூண்டு காலி.

தையல்காரி கையிலிருந்த தண்ணீர்ச் சட்டியைக் கீழே வைத்தாள். மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்குக் கால்நடை டாக்டர் வருகிறார். சேவல் தேறினால் காலில் வளையம் ஏறும். அவள் வளர்ப்பு தனி இனம் என்று பதிவாகும். பதினோரு வருடக் கனவு.

"என்னங்க, மேஜர் எங்க?"

பஸ் ஓட்டும் கணவர் தலையைச் சொறிந்தார். "சோப்பு போட்டுக் குளிப்பாட்டினேன்மா. துண்டு எடுக்கப் போனேன், கம்பி நீட்டிட்டான்."

"சேவலையா?"

"அழுக்கா நின்னா டாக்டர் என்ன நினைப்பாங்க? பஸ்ஸையே தினம் கழுவுறவன் நான்."

"பஸ்ஸு மண்ணுல புரண்டு குளிக்காது. இது குளிக்கும்."

அவள் வளர்ப்பு முறையில் தயவு தாட்சண்யம் கிடையாது. உச்சிக் கோடையில், நடுப்பகலில், ஒவ்வொரு அலகாகப் பார்ப்பாள். வெயில் தாங்காமல் வாய் பிளந்து இரைத்தால் குழம்புச் சட்டிக்கு. வாய் மூடி நின்றால் மட்டும் அதன் முட்டை அடைக்கு. டாக்டர் பார்க்கப்போவதும் அதைத்தான்.

ஜீப் வந்து நின்றது. டாக்டர் அம்மாள் இறங்கியதும் சுவரோரம் கைகாட்டினார்.

"அதுதானே உங்க சேவல்?"

சாம்பல் மேட்டில் மேஜர் புரண்டுகொண்டிருந்தான். கொளுத்தும் வெயில். அலகு இறுக மூடியிருந்தது.

"போச்சு, ஒரு மணி நேர வேலை" என்றார் கணவர்.

டாக்டர் சேவலைத் தூக்கினார். இறகுக்கடியில் விரல் விட்டவர் முகம் சுருங்கியது.

"ஈரமா இருக்கே. நனைஞ்ச கோழிக்கு வெயில் உறைக்காது. இது செல்லாதும்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

தையல்காரி ஒரு வினாடி கண்ணை மூடினாள். பிறகு நேராகப் போய்க் கொட்டகைக் கதவைத் திறந்தாள்.

"ஒத்தச் சேவல நம்பியா டாக்டர் பதினோரு வருஷம் ஓட்டினேன்? இதுங்க பதினாலும் அவன் பொண்ணுங்க. ஒண்ணு மேலயும் தண்ணி படல. பாருங்க."

கோழிகள் வெட்டவெளிக்கு வந்தன. டாக்டர் குடையைப் பிரித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம். இருபது. அவர் நெற்றி வியர்வை மூக்கில் சொட்டியது. கோழிகள் இறக்கையை விலாவிலிருந்து லேசாக அகற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கிளறிக்கொண்டிருந்தன. பதினாலு அலகும் மூடியபடி.

டாக்டர் குடையை மடக்கினார். "ஒரே ஒரு வளையந்தான் கொண்டு வந்தேன். என் தப்பு."

"மிச்சத்த நாளைக்கு எடுத்துட்டு வாங்க. இதுங்க எங்கயும் போகாது."

ஜீப் போனதும் கணவர் மெல்ல ஆரம்பித்தார். "வாயத் திறந்தா சட்டிக்குன்னா, இந்த வீட்ல நான் எப்படிம்மா தப்பிச்சேன்?"

அவள் வளையம் ஏறிய கோழியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருப்பக்கம் நடந்தாள்.

"கோடை இன்னும் முடியலங்க."